மூன்றாவது வரி

ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்தவர்கள்: உப்பளத் தொழிலாளர் சங்கச் செயலாளர் ஞானதுரை, பறையடிக்க இரண்டு பேர், ஒலிப்பதிவாளர், பதிவு செய்யவிருந்த பாட்டைக் கட்டிய பொன்னுக்கிளி. வேலாண்டி அங்கே இல்லை. அவர் பாட்டில் மட்டும்தான் இருந்தார்.

உப்பளப் போராட்டத்தின்போது சங்கத் தலைவரைப் போலீசுக்குக் காட்டிக்கொடுத்தவன் வேலாண்டி என்று பாட்டின் மூன்றாவது வரி சொல்லும். முப்பத்தைந்து வருடமாக அந்தப் பெயர் வந்ததும் கூட்டம் காறித் துப்பும். அவர் யாரென்றே தெரியாத ஊர்களிலும் துப்பினார்கள்.

“அந்தப் பேரை எடுத்துரணும் துரை,” என்றாள் பொன்னுக்கிளி. “காட்டிக்கொடுத்தது அவரு இல்ல. என் வீட்டுக்காரரு. போன மாசம் சாகும்போது அவரே சொன்னாரு.”

பறைக்காரர்கள் இருவரும் குனிந்துகொண்டார்கள்.

“யக்கா, இது எல்லா ஊருக்கும் போயிட்ட பாட்டு. இப்ப மாத்திப் பாடுனா, கட்டுனவளுக்கே பாட்டு மறந்துட்டுன்னு சிரிப்பானுவ.”

“வேலாண்டி மகளை இன்னும் ஒருத்தனும் கட்டலய்யா.”

“அதுக்கு நம்ம பாட்டா காரணம்?”

“வேற என்ன காரணம்?”

ஞானதுரை கடிகாரத்தைப் பார்த்தார். வாடகை மணிக்கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது. “சரி, நேரமாவுது. எப்பவும் போலப் பாடுங்க. மாத்த மாட்டீங்கல்ல?”

பொன்னுக்கிளி கண்ணாடி அறைக்குள் போய் மைக் முன்னால் நின்றாள். அந்தக் கதவு சும்மா சாத்தினால் திறந்துகொள்ளும். ஞானதுரை அதை வெளியிலிருந்து இழுத்துச் சாத்தி, அவளுக்குப் பின்னால் பூட்டினார்.