இரண்டாம் மாடி ஆப்பிரிக்கா

விடுதிப் பொறுப்பாளர் மதாம் வசீலா சிவப்புப் பேனாவால் ஒரே இழுப்பு இழுத்தார். படிவத்தில் 'அரபு நாடுகள்' அடிபட்டுப்போனது. பக்கத்தில் 'ஆப்பிரிக்கா' என்று எழுதினார்.

இஜ்லாலுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

துனிஸ் நகரத்தின் அந்த மாணவியர் விடுதியில் உலகத்தையே மாடிவாரியாகத்தான் பிரித்து வைத்திருந்தார்கள். முதல் மாடி அரபு நாட்டுப் பெண்களுக்கு. இரண்டாம் மாடி ஆப்பிரிக்கப் பெண்களுக்கு. சூடான்காரியான இஜ்லால் முதல் மாடிதான் கேட்டிருந்தாள்.

"என்ன மதாம் இது? எங்க வீட்ல பேசறதே அரபிதான். அரபு லீக்ல எங்க நாடு இருக்கே, தெரியாதா?"

"தெரியும்மா. வரைபடத்துல ஆப்பிரிக்காவுலயும் இருக்கே."

"உங்க துனிசியா மட்டும் எங்க இருக்காம்? பாரிஸுக்குப் பக்கத்துலயா?"

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வசீலா அசையவில்லை.

"கையெழுத்துப் போடு. பின்னால ஆள் நிக்குது."

இஜ்லாலுக்குப் புரிந்துவிட்டது. மொழியும் இல்லை, வரைபடமும் இல்லை. தோலைப் பார்த்துத்தான் இங்கே மாடி கொடுக்கிறார்கள்! இன்றைக்கும் அறை கிடைக்காவிட்டால் போக்கிடம் இல்லை. ஆனாலும் ரோஷம் விடவில்லை.

பின்னால் நின்ற பெண் அவள் தோளை மெல்லத் தொட்டாள். மாலி நாட்டிலிருந்து வந்து இந்த விடுதியிலேயே தங்கிப் படிக்கும் அலிமாதா.

"அக்கா, இரண்டாம் மாடி நல்லாத்தான் இருக்கும். போட்டுடுங்க."

"நீ சும்மா இரு. உனக்கு இதெல்லாம் பழகிப்போச்சு." இஜ்லால் வெடுக்கென்று வசீலா பக்கம் திரும்பினாள். "என்னைப் பார்த்தா இதுங்க கூட்டத்துல ஒருத்தி மாதிரியா தெரியுது?"

அலிமாதா கையை எடுத்துக்கொண்டாள். சொன்னவளுக்கே ஒரு கணம் சுருக்கென்றது. ஆனால் கொட்டிய வார்த்தையை எப்படி அள்ளுவது?

வசீலா பேனாவை மூடினார்.

"முடிச்சிட்டியா? இப்போ கேளு. முதல் மாடி நிரம்பி ஒரு வாரமாச்சு. இரண்டாம் மாடியும் நிரம்பிடுச்சு. உனக்கு இடமில்லைன்னு நேத்தே கடிதம் அடிச்சு வெச்சிருந்தேன்."

"அப்போ இது..."

"இன்னிக்குக் காலையில ஒரு பொண்ணு வந்தா. 'நேத்து இங்க வந்துட்டுப் போன சூடான் அக்கா மூணு நாளா ரயில் நிலையத்துலதான் படுக்கறாங்க, நானே பார்த்தேன். என் அறையில இன்னொரு கட்டில் போடுங்க, நான் ஒதுங்கிக்கறேன்'னு ஒத்தக் கால்ல நின்னா. அவ இருக்கறது இரண்டாம் மாடி. அங்க ஆள் சேர்க்கணும்னா படிவத்துல ஆப்பிரிக்கான்னு இருந்தாகணும். இல்லேன்னா மேலதிகாரி கிழிச்சுப் போட்டுடுவார். அதான் அடிச்சேன்."

இஜ்லால் நிமிர்ந்து பார்த்தாள். ரயில் நிலையத்தில் படுப்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஊரிலிருக்கும் அம்மாவிடம்கூட.

"யார் மதாம் அந்தப் பொண்ணு?"

வசீலா அடுத்த படிவத்தை எடுத்தார்.

அலிமாதா குனிந்து இஜ்லாலின் பெட்டியை ஒரு பக்கம் பிடித்தாள்.

"லிஃப்ட் ஓடலக்கா. அந்தப் பக்கம் நீங்க பிடிங்க."