முற்றத்துப் பொடி ஜல்லி

கோபத்தில் முன்பின்னாகச் சொல்லி உளறிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் நான். ஆனாலும் ‘தல்கோத்’ என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். எல்லோரும் சேர்ந்து கூலியில்லாமல் செய்கிற பொதுவேலை. எங்கள் ஃபின்னிஷ் மொழியில் அதைப் பன்மையில்தான் சொல்லுவோம். ஒருமையில் யாரும் சொல்வதில்லை.

மே மாதம், பனி உருகியதும் எங்கள் குடியிருப்பில் தல்கோத். முற்றம் முழுக்க, உறைபனியில் கால் வழுக்காமலிருக்கக் குளிர்காலத்தில் தூவிய பொடி ஜல்லி. பெருக்கிப் பெருக்கி இடுப்பே போய்விட்டது.

“எவன் இதைக் கொட்டித் தொலைக்கிறான்?” என்றாள் குடியிருப்போர் தலைவி ஹில்க்கா.

மூன்றாம் மாடி ஔலிஸ் பால்கனியில் காபி குடித்துக்கொண்டிருந்தார். ஒரு வருடம்கூட இறங்கி வந்ததில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏன்யா, தனியா உக்காந்து காபி குடிக்கறதுக்குப் பேருதான் தல்கோத்தா?”

“வேலை முடிஞ்சு நாம சாசேஜ் சுடுற வாசனைக்காவது இறங்குறாரா பாரு! அவ்வளவு பெரிய மகாராஜா!” என்றாள் ஹில்க்கா.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தலையாட்டினார்.

“சரிம்மா. இனிமே எல்லாரும் செய்யறப்ப மட்டும் நானும் செய்யறேன்.”

சொன்னபடி இலையுதிர்காலத் தல்கோத்துக்கு வந்தார். இலை வாரினார், சாசேஜ் தின்றார். வழிக்குக் கொண்டுவந்துவிட்டோம் என்று எங்களுக்கு ஒரே பெருமை.

நவம்பரில் மழை பெய்து, அப்படியே உறைந்தது. முற்றம் கண்ணாடியாகிவிட்டது. வழுக்கி விழுந்த ஹில்க்கா எழுந்திருக்கவே முடியாமல் உட்கார்ந்தபடியே நகர்ந்தாள். நான் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

“ஜல்லி போடுற ஆள் எங்கதான் செத்தான்?”

பின்னால் கதவு திறந்தது. ஔலிஸ்.

“ஆளெல்லாம் கிடையாதும்மா. இத்தனை வருஷமும், நீங்க எந்திரிக்கறதுக்கு முன்னாடி நான்தான் போட்டேன். நான் போடுறேன், நீங்க அள்ளுறீங்க. அதுவும் தல்கோத்துதான்னு நினைச்சிட்டிருந்தேன்.”

“இதை அன்னிக்கே வாயத் திறந்து சொன்னா என்னய்யா?”

“நீங்க எங்க விட்டீங்க?”

கோபம் அடங்கவில்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. கம்பியை விட்டால் நானும் விழுவேன்.

வாசலோரம் இருந்த ஜல்லிப் பெட்டியைத் திறந்தேன். அதிலிருந்த வாளி நிறைய ஜல்லி அள்ளி, காலுக்கு முன்னால் ஒவ்வொரு பிடியாகத் தூவிக்கொண்டே ஹில்க்கா வரைக்கும் நடந்தேன்.