காத்திருக்க நேரமில்லை

"பெத்தவங்க வயசுல இருக்கறவங்களை இப்படிக் காக்க வெச்சிருக்கியே, உனக்கு ஈவு இரக்கமே கிடையாதா?"

ரத்தப் பரிசோதனை நிலையத்தின் முதலாளி ஹாலுக்கே கேட்கும்படி கத்தினார். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்கிறவளுக்குக் காது மடல் சிவந்தது.

கூட்டம் சுவரோரம் வரை நின்றது. முதலாளி தன் அறை நாற்காலியையே தூக்கி வந்து ஒரு பெரியவருக்குப் போட்டார். எல்லாரும் அவளை முறைத்தார்கள்.

"சார், கம்ப்யூட்டர்ல நான் எழுதி வெச்ச ஸ்கிரிப்ட் எல்லா ரத்த சாம்பிளையும் ஒரே சமயத்துல அனுப்பிடுது. அணுக்களைப் பார்த்துச் சொல்ற ப்ரோகிராம்தான் வெளி கம்பெனியோடது. சிலதைச் சட்டுனு முடிச்சிடும், சிலதுல திணறும். ஓடுதா, முடிஞ்சுதா, செத்துப்போச்சான்னு என் ஸ்கிரிப்ட் பார்த்துக்கிட்டே இருக்கும். பதில் வந்தாத்தான் ரிப்போர்ட்டை விடும்."

"வரலைன்னா?"

"நிறுத்திட்டு மறுபடி ஓட வைக்கும்."

"அங்கதான் கோளாறு. ஒரு நிமிஷம் பாரு. பதில் வரலையா, அதை நிறுத்திட்டு 'சந்தேகப்பட எதுவுமில்லை'ன்னு அடிச்சு விடு."

அவள் பதறிப்போனாள். "பதில் வரலைன்னா ஒண்ணுமில்லைன்னு அர்த்தமில்ல சார். அணுக்கள் ஏடாகூடமா இருந்தாத்தான் அது திணறவே செய்யும்."

"முக்கால்வாசிப் பேருக்கு ஒண்ணுமில்லைன்னுதானே வருது? பாவம், வெறும் வயித்தோட வந்த ஜனங்கம்மா." குரலைத் தாழ்த்தினார். "உன்னால முடியாதுன்னா சொல்லிடு. எழுதறதுக்கு வேற ஆள் இல்லாமலா போயிடும்?"

வீட்டில் கணவனுக்கு வேலை போயிருந்தது. அவர் சொன்னபடியே எழுதினாள். நாலே வரிதான்.

மறுநாளிலிருந்து கூட்டம் மளமளவென்று கரைந்தது. போகிறவர்கள் எல்லாம் முதலாளியை வாயார வாழ்த்திவிட்டுப் போனார்கள். ஒரு அம்மா அவளிடமும் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணுமில்லைன்னு வந்திடுச்சு கண்ணு. இப்பதான் உயிரே வந்துது. நீ நல்லா இருக்கணும்."

அந்த அம்மாவின் சாம்பிள் பாதியில் நிறுத்தப்பட்டதை அவள் தன் கண்ணாலேயே திரையில் பார்த்திருந்தாள். சொல்ல வாயெடுத்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதலாளி நின்றிருந்தார்.

"சரிங்கம்மா" என்று மட்டும் சொன்னாள்.

ஒரு காலையில் முதலாளி அவள் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். முகம் பேயறைந்தது போலிருந்தது.

"என் பொண்ணுக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வருதும்மா. உடம்பெல்லாம் கன்னிப் போயிருக்கு. இப்பதான் ரத்தம் எடுத்தாங்க." அவர் குரல் உடைந்தது. "அவ சாம்பிளை மட்டும் நிறுத்திடாதே. எவ்வளவு நேரமானாலும் சரி, பதில் வர்ற வரைக்கும் காத்திருக்கச் சொல்லு."

அவளுக்குக் கண் கலங்கியது. இப்போதாவது புரிந்ததே.

"கவலைப்படாதீங்க சார். எல்லாருக்குமே பழையபடி மாத்திடறேன்" என்று கீபோர்டை இழுத்தாள்.

முதலாளி சட்டென்று அவள் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"அதை எதுக்கும்மா தொடறே? ஜனங்க சந்தோஷமாத்தானே போறாங்க."