வேலியோர உத்தியோகம்

"இடப்பக்கம்! இன்னும் இடப்பக்கம்! பழைய குழாய்ல இடிச்சிடாதே!"

நேரியோ போட்ட அதட்டலில் அந்த மஞ்சள் பொக்லைனே ஒரு கணம் நடுங்கியது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் நின்ற தோரணையைப் பார்த்தால், பொலோன்யா நகரத்தில் அவர் உத்தரவில்லாமல் ஒரு பள்ளத்தையும் மூட மாட்டார்கள் என்றுதான் தோன்றும்.

மேஸ்திரி ஆர்பென் திரும்பினான். "பெரியவரே, தலையை வெளிய எடுங்க. வேலி வலை கிழிஞ்சு கதவாயிடப் போகுது."

நேரியோ நாற்பது வருஷம் சட்டைப் பித்தான் விற்றவர். ஓய்வு பெற்றதிலிருந்து, ஊரிலுள்ள மற்ற கிழங்களைப் போலவே, எங்கே குழி தோண்டினாலும் வேலியோரம் நின்று மேற்பார்வை பார்ப்பதே அவருக்கு உத்தியோகம். இந்த வேலியில் அவர் தலைக்கென்றே ஒரு கிழிசல் இருந்தது. அதில் இன்னொருவர் கண் வைத்தால் அன்றைக்கு உலகப் போர்.

அந்த உத்தியோகத்துக்குத்தான் இப்போது ஆபத்து. நாளையிலிருந்து மனைவி லொரெத்தாவுக்கும் வங்கி வேலையிலிருந்து ஓய்வு. பகலெல்லாம் வீட்டிலிருந்தால் சும்மா இருப்பாளா? திரைச்சீலையை மாட்டு, ஏணியைப் பிடி என்று ஆளைக் கட்டிப்போட்டுவிடுவாள்.

பணத்துக்குத் திட்டம் எப்போதோ தயார். இரண்டு ஓய்வூதியம். அவளுக்கு வரும் மொத்தத் தொகையில் ஒழுகும் கூரைக்குப் புது ஓடு. மிச்சத்தில் ரிமினி கடற்கரையில் ஒரு குடை, இரண்டு சாய்வு நாற்காலி. அவள் பொழுதுக்குத்தான் திட்டமில்லை. இரவுச் சாப்பாட்டில், சூப் ஆறுவதற்குள் நேரியோ அதையும் போட்டுவிட்டார்.

"சர்ச்ல பாட்டுக் கோஷ்டி இருக்கு. செவ்வாய்க்கிழமை சீட்டாட்டம். டான்ஸ் கிளப்ல உன்னை மாதிரி ஆளுக்குத்தான் காத்துக்கிட்டிருக்காங்க!"

"என்னை வீட்டை விட்டுத் துரத்தறதுல என்னா அக்கறை!" லொரெத்தா சிரித்தாள். "கவலைப்படாதே. போற இடத்தை எப்பவோ பாத்து வச்சுட்டேன். ஷூ கூட வாங்கியாச்சு."

கதவோரம் புது ஷூ பளபளத்தது. தட்டையான, தடித்த அடிப்பாகம். டான்ஸ் கிளப்தான்! நேரியோவின் மனசு அங்கேயே நாலு சுற்று ஆடிவிட்டது.

"ஆமா, குழாய் இறக்கிட்டாங்களா?" வழக்கம்போல் கேட்டாள்.

"நாளைக்குக் காலைலதான்."

பாவம், புருஷன் பேச்சில்தான் இவளுக்கு எத்தனை ஆர்வம் என்று பூரித்துப் போனார்.

மறுநாள் அவர் சவரம் முடித்து வருவதற்குள் வீடு காலி. ஷூவும் இல்லை. வெற்றி! விசிலடித்துக்கொண்டே தெருவைக் கடந்தார்.

அவருடைய கிழிசலில் வேறொரு முதுகு! பின்னால் கட்டிய கைகள், தலையில் அவருடைய பழைய தொப்பி, காலில் புது ஷூ.

இத்தனை நாளில் ஒரு தடவைகூட அவர் பேச்சைக் கேட்காத ஆர்பென், உள்ளே ஆட்களிடம் கத்திக்கொண்டிருந்தான். "அம்மா சொல்றது சரிதான்டா! குழாய் கோணலாத்தான் போகுது. தூக்கு!"

லொரெத்தா திரும்பக்கூட இல்லை. பின்னால் கட்டிய கையில் தொங்கிய காய்கறிப் பையை மட்டும் அவர் பக்கம் ஆட்டினாள்.

"சந்தைக்கு நீ போயிட்டு வா. குழியை நான் பாத்துக்கறேன்."