புது லைட்டு

“டேய் ரஞ்சித்து! வெளிய வாடா!”

குரல் கேட்டு வினோதினி அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு ஓடி வந்தாள்.

எல்லம்மா நின்றிருந்தாள். ஏரியிலிருந்து நேராக வந்திருக்கிறாள். புடவையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பின்னால் அனிதா, குப்பம்மா, இன்னும் சில பெண்கள், இறால் போடும் ஓலைப் பறியோடு.

“இன்னாக்கா?” ரஞ்சித் வெளியே வந்தான்.

“இன்னாவா? நாங்க தண்ணியில எறா தடவிப் புடிச்சிட்டு ஈரத்துணியோட கரை ஏறுற நேரமாப் பாத்து, கார்ல குந்திக்கினு லைட்டு அடிக்கிறியே, வெக்கமா இல்ல? என்னை வுடு, நான் கெழவி. வயசுப் பொண்ணுங்க கீதுங்கடா!”

அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள். வினோதினிக்கு முகம் எரிந்தது. ஒரு சொல் பொறுக்காதவன் அவள் புருஷன். இப்போது எகிறப் போகிறான் என்று பார்த்தாள்.

“தப்புதான்கா. இனிமே போடல.”

“இன்னொரு தபா பாத்தேன், ஊரைக் கூட்டி நாறடிச்சிடுவேன்!”

தெருவிளக்கு வெளிச்சத்தில் எல்லம்மா திரும்பி நடந்தாள். மற்ற பெண்கள் தலையைக் குனிந்தபடியே பின்னால் போனார்கள்.

உள்ளே வந்ததும் வினோதினி கேட்டாள்.

“நெஜமாவே அங்க போய் நின்னியா?”

“ஆமா.”

“எதுக்கு?”

“புது லைட்டு. எவ்ளோ தூரம் அடிக்குதுனு பாத்தேன்.”

“தெனமுமா?”

அவன் கார் சாவியை ஆணியில் மாட்டினான்.

மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் சவாரி போகிற பழைய சின்னக் கார் அது. ‘ஏ.சி.யைச் சரி பண்ணு, ஏறுறவங்க கேக்குறாங்க’ என்று அவள் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். இவனோ, நன்றாக எரிந்துகொண்டிருந்த மஞ்சள் லைட்டைக் கழற்றிவிட்டு, பளீரென்று எரிகிற எல்.இ.டி. லைட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். ஆசைக்குத்தான் போட்டான் என்று நினைத்திருந்தாள்.

“அதைக் கழட்டிப் போடு.”

“முடியாது வினோ.”

“ஊரே காறித் துப்புது. அப்பவுமா?”

“முடியாதுனா வுடு.”

அவள் விருட்டென்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் பொழுது சாயும் நேரம். ரஞ்சித் வீட்டிலேயே இருந்தான். ஆனால் உட்கார முடியவில்லை. வாசலுக்குப் போவதும் ஏரிப் பக்கம் பார்ப்பதும் திரும்பி வருவதுமாக இருந்தான்.

“இன்னா, ஒரு நாள் பாக்கலைனா கால் நிக்க மாட்டேங்குதா?” என்றாள் வினோதினி.

அவன் வாய் திறப்பதற்குள் அனிதா மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

“அண்ணே, லைட்டு...”

வினோதினியைப் பார்த்ததும் அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

“நேத்து எல்லம்மாக்கா கூட திட்ட வந்தவதானே நீ? இன்னிக்கு லைட்டு கேட்டு வர்றியா?”

அனிதா ரஞ்சித்தைப் பார்த்தாள்.

“யாருக்கும் சொல்லாதேனு சத்தியம் வாங்கினது நீங்க. இப்ப நீயே சொல்லு” என்றான் அவன்.

“எல்லம்மாக்காவுக்குப் பொழுது சாஞ்சா கண்ணு தெரியறதில்ல அண்ணி. போன மாசம் கரைனு நெனச்சி ஆழத்துல போய் முங்கிடுச்சி. இப்பவும் பள்ளத்துப் பக்கமே போவுது, குப்பம்மா புடிச்சி நிறுத்திக்கினு கீது.”

“ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போறதுதானே?”

“எனக்கு இன்னா கேடுனு சண்டைக்கு வருது. கண்ணு தெரியலைனு நாங்க வாயைத் தொறந்து சொல்லிட்டா, மறுநாளு ஏரியில எறங்காது. புருசன் இல்ல, புள்ள இல்ல. அது மானஸ்தி, எங்ககிட்ட ஒரு வேளை கஞ்சி வாங்கிக் குடிக்குமா? அதான் அண்ணன்கிட்ட நாங்க லைட்டு போடச் சொன்னோம். பழைய லைட்டு தண்ணி வரைக்கும் எட்டலைனுதான் அண்ணன் மாத்துச்சி.”

வினோதினி புருஷனைப் பார்த்தாள். திட்டு வாங்கும்போது அவன் நின்ற நிலை கண்முன் வந்தது.

ரஞ்சித் கார் சாவியை எடுத்தான்.

“இரு, நானும் வர்றேன். கரைக்கு இட்டுனு போய் நிறுத்திட்டு நீ எறங்கிடு. எதைத் திருப்புனா லைட்டு எரியும்னு மட்டும் காட்டு.”

கரையில் காரை நிறுத்தியதும் அனிதா இறங்கித் தண்ணீர்ப் பக்கம் ஓடினாள். ரஞ்சித் இறங்கி, கவிழ்த்து வைத்திருந்த படகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். வினோதினி ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்து லைட்டைப் போட்டாள்.

ஏரித் தண்ணீர் வெளுத்தது. இடுப்பளவு நீரில் நின்றிருந்த எல்லம்மாவின் முகம் சட்டென்று கரைப் பக்கம் திரும்பியது. குப்பம்மாவின் பிடியை உதறிவிட்டு அவள் முன்னால் நடந்தாள். சேற்றைக் கடந்து, காலைக் கிழிக்கிற கிளிஞ்சல் குவியலைச் சுற்றிக்கொண்டு, நேராகக் கார் பக்கத்தில் வந்து நின்றாள்.

“எவன்டா அது? நேத்துதானே சொன்னேன்!”

“நான்தான்கா, வினோதினி. கார் ஓட்டக் கத்துக்குறேன்.”

“நீயா? ஒம்புருசன் எங்க?”

“அவரு இல்லக்கா. இனிமே நான்தான் வருவேன்.”

எல்லம்மா ஈரக் கையால் காரின் முன்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள்.

“சரி. தெனமும் இந்த நேரத்துக்கே வந்து கத்துக்கோ. லைட்டை மட்டும் இன்னும் கொஞ்சம் கீழ எறக்கி அடி. கால் வைக்கிற எடம் நல்லாத் தெரியணும்...”

சொல்லிவிட்டு, சட்டென்று, பின்னாலேயே வந்து நின்ற அனிதா பக்கம் கையைக் காட்டினாள்.

“...இவளுங்களுக்கு.”