பின்சீட்டு

ஒரகடத்தில் பனியைப் பார்த்தவர்கள் குறைவு. ஆனாலும் எங்கள் கம்பெனியில் பனிமேல் ஓடும் ஸ்னோமொபைலுக்குப் பாகங்கள் செய்கிறோம். காட்டுப்பாதையில் ஓட்டப் பழைய வண்டி சுகமா, புதியது சுகமா என்று வெளிநாட்டுக்காரர்கள் கேட்டிருந்தார்கள். உறைகுளிர் அறையில் இரண்டையும் உருளைகள்மேல் ஏற்றி, நான் ஒருவனே மாறிமாறி ஓட்டிப் பார்த்தேன்.

புதியது லேசு. சத்தமே இல்லை. ஒற்றைச் சீட்டு. பழையது அதிரும், கை மரத்துப்போகும்; சீட்டு இரண்டு பேருக்கு நீளம். ஓட்டி இறங்கினால் வண்டியெங்கும் வெள்ளையாக உறைந்திருக்கும், நான் உட்கார்ந்த இடம் மட்டும் கறுப்பாகத் தெரியும். பழைய வண்டியில் அதற்குப் பின்னாலும் ஓர் இடம் கறுப்பாக இருந்தது.

சூப்பர்வைசர் ஜீவானந்தம் கண்ணாடி வழியே பார்த்தார். "பின்னாடி யாரை ஏத்திக்கினே?"

"யாரும் இல்ல சார்."

"சரி, எது பெட்டர்?"

"பழசு சார்."

"கை மரத்துப்போவுதுன்னு நீதானேப்பா சொன்னே?"

நான் கையுறையை மாட்டிக்கொண்டு மறுபடி பழைய வண்டியில் ஏறினேன்.

நேற்று பழைய வண்டியைத் திருப்பி அனுப்பினார்கள். அதற்கு முன் கடைசியாக ஒருமுறை ஓட்டினேன். இறங்கிப் பார்த்தபோது பின்சீட்டு முழுக்க வெள்ளையாக உறைந்திருந்தது.

ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறினேன். நல்ல கூட்டம். பலர் நின்றுகொண்டே வந்தார்கள். என் பக்கத்துச் சீட்டில் யாரும் உட்காரவில்லை. எதிரே கம்பியைப் பிடித்து நின்ற யேசுராஜிடம், "உக்காருண்ணே" என்றேன்.

அவர் சீட்டைப் பார்த்தார். "அதான் ஆளு கீதேப்பா."

நான் ஜன்னல் பக்கம் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டேன்.