பெட்டை மாற்றித் தரப்படும்

"காதைப் பிடிச்சுத் தூக்காதீங்கம்மா! முயலா, முருங்கைக்காயா?"

கால்நடை டாக்டர் எலியேசர் போட்ட சத்தத்தில் ஆவுடையம்மாள் கையை விட்டாள். ஐந்து கிலோ ஒயிட் ஜெயண்ட் பெட்டை, மருமகள் சண்முகத்தாயின் மடியில் பொத்தென்று விழுந்தது.

"ஏட்டி, இறுக்கிப் பிடி! அதுக்காவது லாயக்கா இரு."

வேட்டை நாய்க்குப் பேர்போன ராஜபாளையத்தில் ராட்சச முயல் வளர்க்கும் ஒரே வீடு. ஆவுடையம்மாளுக்கு அந்தப் பெருமை கொஞ்சநஞ்சமல்ல. குட்டி மட்டும்தான் இல்லை.

"மலடுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க டாக்டர். அப்பத்தான் பண்ணைக்காரன் மாத்தித் தருவான். அப்படியே இவளையும் மூணு மணி பஸ்ஸுல வன்னியம்பட்டியில அப்பன் வீட்டுல கொண்டு விடுதேன். நாலு வருசம் ஆச்சு, ஒரு புழு பூச்சி இல்ல. ரெண்டு மலடையும் ஒரே அலைச்சல்ல முடிச்சிருவேன்."

சண்முகத்தாய் நிமிரவில்லை. அவள் துணிமணிகள் ஒரு பையில் வாசலில் இருந்தன. மாமியாரே மடித்துக் கட்டியிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கென்று மாமியார் செய்த முதல் வேலை.

டாக்டர் பெட்டையைத் தடவிப் பார்த்தார். குறை ஒன்றும் தெரியவில்லை.

"இதுக்கு முன்னால எத்தனை பெட்டை மாத்தினீங்க?"

"ரெண்டு. இது மூணாவது."

"அந்த ரெண்டும் இப்ப எப்படி இருக்கு?"

"பண்ணைக்குப் போனதும் எட்டு எட்டாப் போட்டுத் தள்ளிருக்கு, எடுபட்ட மூதி. நம்ம வீட்டுல போடத்தான் அதுகளுக்கு வலிக்கு."

டாக்டர் ஆண் முயலைப் பார்த்தார். முயல் சாஸ்திரப்படி பெட்டையைத்தான் ஆணின் கூண்டில் கொண்டுபோய் விட வேண்டும். ஆண் எங்கும் போகாது. தகரக் கூரைக்குக் கீழே, கத்திரி வெயிலில் மூச்சு வாங்க, புது மாப்பிள்ளை முறுக்கோடு உட்கார்ந்திருந்தது.

தகரத்தைத் தொட்ட டாக்டர் கையை உதறினார்.

"பெட்டை நல்லா இருக்கும்மா. கோளாறு ஆணுக்கு. இப்படி வெக்கையில கெடந்தா வித்து செத்துப்போகும். நீங்க நூறு பெட்டை மாத்தினாலும் குட்டி வராது. முதல்ல ஆணைக் குளிர்ச்சியா வைங்க."

ஆவுடையம்மாளின் முகம் சட்டென்று உருகியது. ஆணைத் திருப்பி அனுப்பலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"ஐயோ, வாயில்லா சீவன்! அது என்ன பாடு பட்டுச்சோ!"

ஓடிப்போய்ச் சாக்கை நனைத்துக் கூண்டின்மேல் போட்டாள். டேபிள் ஃபேனைத் தூக்கி வந்து ஆணுக்கு நேராக வைத்தாள். 'எழுதிக் குடுங்க' என்றதையே மறந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து மகன் வைகுண்டராஜ் ஷிஃப்ட் முடிந்து வந்தான். பேண்டேஜ் துணி ஆலையில் பத்து வருடமாகப் பாய்லர் வேலை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அம்மா, தண்ணி. பாய்லர் பக்கம் நிக்க முடியல, அம்புட்டு வெக்கை."

டாக்டர் பெட்டியை மூடிக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

ஆவுடையம்மாள் மகனைப் பார்த்தாள். ஆண் முயலைப் பார்த்தாள். பிறகு சத்தமில்லாமல் ஃபேனை மகன் பக்கம் திருப்பினாள்.

பெட்டையின் முதுகைத் தடவிக்கொண்டே சண்முகத்தாய் நிமிர்ந்தாள்.

"குருவக்காளுக்கும் ஒரு வார்த்தை சொல்லி விடுவமா அத்தை? தளவாய்புரத்துல நாளைக்கு அவிய மூணாவது பிள்ளைக்குக் காதுகுத்து."

மலடி என்று அந்த வீடு திருப்பி அனுப்பிய முதல் மருமகள், குருவம்மாள்.